ஐம்பது டிஸ்னி பின்கள் வாங்கப்போகும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வசந்த விடுமுறைக்கு ஆர்லாண்டோ டிஸ்னி பூங்காவுக்குக் கிளம்பும் நம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியின் வரவு செலவைப் பார்க்கிறவன் என்பதால் என்னிடமிருந்து கடிதம் வந்தாலே நிலுவைக் கட்டணம்தான் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. அதைப் பற்றி அடுத்த மாதம் தனியாக எழுதுகிறேன்.

போன வாரம் உங்களில் ஒருவர் எல்லோருக்கும் அனுப்பிவைத்த பயணக் குறிப்பைப் படித்தேன். உழைத்துத் தயாரித்த குறிப்பு. மழைக்கோட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போகச் சொன்னது, புதுச் செருப்பு வேண்டாம் என்றது, மத்தியான வெயிலில் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போடச் சொன்னது, எல்லாம் அனுபவம் பேசுகிற பேச்சு. பதினோராவது குறிப்பில்தான் எனக்கு இடித்தது. பூங்காவுக்குள் பிள்ளைகள் படம் போட்ட பின்களை மாற்றி விளையாடலாம், ஆனால் உள்ளே ஒரு பின் பத்து டாலருக்கு மேல் விற்கிறது, இணையத்தில் ஐம்பது பின் முப்பது டாலருக்குக் கிடைக்கிறது, இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அதற்கு வந்த நன்றிகளை எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

அந்த ஐம்பது பின்னை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். குறிப்பை எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே யோசனையை வேறொருவர் எனக்குச் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வாங்கினேன். நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

முதல்முறை போகிறவர்களுக்காக இந்தப் பின் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் உலோக வில்லை. முன்பக்கம் எனாமல் வண்ணத்தில் மிக்கியோ கூஃபியோ ஏதாவது ஒரு சவாரியின் படமோ இருக்கும். பின்பக்கம் ஒரு குட்டி ஊசியும் அதற்கு மிக்கி தலை வடிவத்தில் ஒரு ரப்பர் மூடியும். இத்தகைய பின்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் ஒலிம்பிக்கில் நெடுநாளாக உண்டு. 1896இல் ஏதென்ஸில் வீரர்களும் நடுவர்களும் அடையாளத்துக்காகச் சட்டையில் குத்திக்கொண்ட அட்டை வில்லைகளிலிருந்து தொடங்குகிறது அந்தக் கதை. டிஸ்னி அதைத் தன் பூங்காவுக்குள் கொண்டுவந்தது 1999 அக்டோபரில், நீங்கள் போகப்போகிற அதே ஃப்ளோரிடாவில், புத்தாயிரத்தை வரவேற்கும் கொண்டாட்டத்தின்போது. மறு ஆண்டே கலிபோர்னியாவுக்கும் பரவியது. பிறகு பாரிஸ், ஹாங்காங் என்று போய்விட்டது.

விளையாட்டு மிக எளிது. பூங்கா ஊழியர்கள் பலர் கழுத்தில் ஒரு பட்டை மாட்டியிருப்பார்கள். லேன்யார்ட் என்பார்கள். அதில் பத்துப் பதினைந்து பின் குத்தியிருக்கும். உங்கள் பிள்ளை தன்னிடம் இருக்கிற ஒரு பின்னை நீட்டி, அந்தப் பட்டையில் பிடித்த ஒன்றைக் கேட்கலாம். பணப் பேச்சே கிடையாது. ஒரு ஊழியரிடம் ஒரு நாளைக்கு இரண்டு பின்தான் மாற்றலாம். மூடி போட்டபடி ஒவ்வொன்றாகக் கையில் கொடுக்க வேண்டும். அவர் பட்டையில் ஏற்கெனவே தொங்கும் அதே பின்னை நீட்டக் கூடாது. பட்டையை நாமே பிடித்து இழுத்துப் பார்க்கவும் கூடாது. பச்சை நிறப் பட்டை அணிந்தவர் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு மட்டும்தான் மாற்றுவார். பெரியவர்கள் ஆசைப்பட்டுப் போய் நின்றால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார். பெருந்தொற்றுக் காலத்தில் பட்டைகளை எடுத்துவிட்டுப் பலகையில் பின் குத்தி வைத்தார்கள். பிறகு பட்டை திரும்பிவிட்டது. நல்லவேளை. பலகையிடம் யார் பேசுவது?

பேச்சு என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கடையில் பில் போடுகிறவர் பெயர் கேட்டால்கூட என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளை. பின்னைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக் கூடை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தானாகப் போய் நின்றாள். அவர் துணியைக் கீழே வைத்தார், கையுறையைக் கழற்றினார், முழங்காலிட்டு உட்கார்ந்து பட்டையை அவள் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தார். எது வேண்டும் என்று கேட்டார். அவள் யோசித்தாள். அவர் காத்திருந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த நாளில் நாங்கள் வரிசையில் நின்று ஏறிய சவாரிகள் எவையென்று கேட்டால் எனக்குப் பாதி ஞாபகம் இல்லை. அந்த ஐந்து நிமிடம் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அது புதிதும் அல்ல. எங்கள் ஊரில் நாங்கள் தீப்பெட்டிப் படம் மாற்றியிருக்கிறோம். சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் அச்சடித்து அனுப்பிய மானும் மயிலும் சாவியும் தாமரையும்தான் எங்கள் செல்வம். பெட்டிக்கடை வாசலில் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கிழியாமல் உரித்து, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து நசுக்கிக் காயவைப்போம். கிழிந்த படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி நல்ல படம் என்று தள்ளிவிட்ட ஒருவனை நாங்கள் ஒரு வாரம் ஆட்டத்தில் சேர்க்கவில்லை. அவன் யாரென்று நீங்கள் கேட்க வேண்டாம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஐம்பது பின், இருபத்தெட்டு டாலர், தபால் செலவு இலவசம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஐம்பது குட்டிப் பைகள். விமானத்தில் ஏறும் வரை பிரிக்கவில்லை. போய்ச் சேர்ந்த இரவு, விடுதி அறையில் கட்டில் விரிப்பின் மேல் கொட்டினோம். மகள் ரகம் பிரிக்க உட்கார்ந்தாள். ஐம்பதில் பதினொன்று ஒரே பின். சரி, மலிவு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ஸ்டிட்ச் என்ற கார்ட்டூன் பாத்திரத்தின் பின் ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்தாள். நீலமாக இருக்க வேண்டியது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. மிக்கியின் நாய் புளூட்டோ ஒன்றுக்கு இடது கண் இல்லை. கண்ணுக்கான குழி இருக்கிறது, அதற்குள் வெள்ளை வண்ணம் விழவில்லை. பித்தளை நிறத்தில் ஒரு ஓட்டை. இன்னொன்றின் விளிம்பில் விரலை ஓட்டியவள் கையை உதறினாள். தகட்டை வெட்டிய பிறகு மழிக்காமல் விட்ட பிசிறு.

அப்பா, இது உண்மையான பின்னா என்று கேட்டாள்.

உண்மைதான், மாற்றத்தானே போகிறோம் என்று சொல்லிவிட்டேன். இந்த இரண்டு பாதிகளையும் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சேர்த்தேன் என்று இப்போதும் வியப்பாக இருக்கிறது. பொய்யாக இல்லாவிட்டால் “மாற்றத்தானே” என்ற சமாதானம் எதற்கு?

மறுநாள் காலை ஒற்றைக்கண் புளூட்டோதான் முதலில் போனது. கெட்டதை முதலில் தள்ளிவிட வேண்டும் என்ற வியாபார புத்தி. பச்சைப் பட்டை அணிந்த ஓர் இளம்பெண் முகம் மலர வாங்கிக்கொண்டு, ஒரு கனமான பழைய பின்னைக் கொடுத்தார். கூட்டம், வெயில், எதிரில் ஒரு குழந்தை. அவர் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மத்தியானம் அதே வழியாகத் திரும்பினோம். அந்தப் பெண்ணின் முன்னால் எட்டு வயதிருக்கும் ஒரு பையன். கையில் கடையின் காகிதப் பை. அதிலிருந்து புதுப் பின்னை எடுத்து, அட்டையிலிருந்து பிரித்து, மூடியை மறுபடி இறுக்கிப் போட்டு நீட்டினான். அவனுடைய அம்மா, இது அவன் தன் சேமிப்பில் வாங்கியது என்று அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் பட்டையை நெடுநேரம் பார்த்தான். அவனுக்கு நாய் பிடிக்கும்போல. புளூட்டோவைக் காட்டினான்.

மகள் என் கையை இழுத்து, அப்பா அது நம்முடையது என்றாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். என்னிடம் இன்னும் முப்பத்தெட்டு இருந்தன.

நான் தொழிலால் கணக்கன். அந்தப் பையனைப் பற்றி நினைப்பதைத் தவிர்ப்பதற்காக அன்றிரவு கணக்குப் போட்டேன். போட்டபோதுதான் ஒன்று உறைத்தது. பின் மாற்றுவதில் பின் குறையவே குறையாது. ஒன்று போனால் ஒன்று வரும். ஐந்து பின்னோடு காலையில் நுழைந்த பிள்ளை நாற்பது முறை மாற்றினாலும் மாலையில் ஐந்து பின்னோடு வெளியே வரும். பிறகு ஐம்பது எதற்கு? மாற்றி விளையாடுவதற்கு ஐம்பது தேவையே இல்லை. ஐம்பதைக் கொடுத்து ஐம்பதை வீட்டுக்கு எடுத்து வருவதற்குத்தான் ஐம்பது வேண்டும். அதற்கு மாற்று என்று பெயரில்லை; செல்லாக் காசைக் கொடுத்துச் சாமான் வாங்குவது.

கெட்ட காசு புழக்கத்தில் நுழைந்தால் நல்ல காசு வீட்டுப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்று பொருளாதாரத்தில் பழைய விதி ஒன்று உண்டு. கிரெஷாம் விதி என்று கல்லூரியில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதை நேரில் பார்க்க மிக்கியிடம் போக வேண்டியிருந்தது. நல்ல பின் கிடைத்தவர் அதை மறுபடி நீட்டமாட்டார், வீட்டுக்குக் கொண்டுபோவார். போலி கிடைத்தவர்தான் அடுத்தவரிடம் நீட்டுவார். ஆகவே பட்டையில் தங்குவதும் சுற்றுவதும் போலிதான். ஒரு பட்டை நிறையத் தொங்கும் வில்லைகளில் எத்தனை கடையிலிருந்து வந்தவை, எத்தனை என்னைப் போன்றவர்களின் பைகளிலிருந்து வந்தவை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை உள்ள சேகரிப்பாளர்கள் பலர், பட்டையிலிருந்து மாற்றுவதையே விட்டுவிட்டுத் தங்களுக்குள் மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்தப் போலிகளை அவர்கள் ஸ்கிராப்பர் என்கிறார்கள். கழிவு என்ற பொருளில். எங்கிருந்து வருகின்றன? அசல் பின்களில் பெரும்பகுதி சீனாவில் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. உலோகத் தகட்டில் அச்சை அழுத்தி உருவத்தை எழுப்புவார்கள். ரகத்தைப் பொறுத்து வண்ணத்துக்கு முன்னோ பின்னோ முலாம் பூசுவார்கள். கோடுகளுக்கு நடுவே விழுந்த பள்ளங்களில் ஒவ்வொரு நிறமாக எனாமலை இட்டு, சூளையில் வைத்துக் கெட்டியாக்குவார்கள். உயர்ந்த ரகமாக இருந்தால் மேலே தேய்த்து, உலோகமும் வண்ணமும் ஒரே மட்டமாக, விரலுக்குக் கண்ணாடிபோல வழுக்கும்படி செய்வார்கள். இதில் வண்ணம் சிந்தியது, முலாம் திட்டுத் திட்டானது என்று கழிப்பவை அழிக்கப்பட வேண்டும். அழியாமல் பின்வாசல் வழியாக வெளியேறுபவை ஒரு வகை. அசல் பின் ஒன்றை வைத்து அதிலிருந்தே அச்செடுத்து, மட்டமான வண்ணத்தில் அடித்துத் தள்ளுவது இன்னொரு வகை. செய்து முடித்த பின்னிலிருந்து எடுத்த அச்சு என்பதால் கோடுகள் மழுங்கியிருக்கும். நம் கைக்கு முப்பது டாலர் மூட்டையில் வருபவை பெரும்பாலும் இவைதான்.

இல்லை, வேறு யாரோ சேர்த்துவைத்த பழைய பின்களை விற்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், அல்லது நம்ப விரும்பினேன். ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள். ஹிட்டன் மிக்கி என்று ஒரு வரிசை உண்டு. 2002இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. பின்னின் ஒரு மூலையில் குட்டி மிக்கி தலை ஒளிந்திருக்கும். கடையில் விற்பதற்காக அல்லாமல் ஊழியர்களின் பட்டையிலிருந்து மாற்றித்தான் பெற வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. விலையே இல்லாதவை என்பதுதான் அவற்றின் அழகு. இப்போது அந்த மலிவு மூட்டைகளைப் பிரித்தால் அதிகம் கொட்டுவது இந்த வகைதான். மாற்றினால் மட்டுமே கிடைக்கிற பின், பத்துப் பதினொன்று ஒரே அச்சில், ஒன்று அறுபது காசுக்கு, ஒருவரிடம் ஆயிரக்கணக்கில் எப்படிச் சேரும்? நம் வீட்டுக் கோயில் பிரசாதத்தை மொத்த வியாபாரி கிலோ கணக்கில் விற்றால் சந்தேகம் வராதா?

நீங்கள் சொல்லப்போகிற மறுப்புகள் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்தவன்.

அவ்வளவு பெரிய நிறுவனம், ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு டாலருக்கு மேல் டிக்கெட் வாங்குகிறது, தண்ணீர்ப் பாட்டிலுக்குக்கூடக் காசு, அவர்களுக்கு இதில் என்ன நஷ்டம்? உண்மைதான், அவர்களுக்கு நஷ்டம் இல்லை. அந்தப் பையன் கடையில் பணம் கொடுத்து வாங்கிவிட்டான். அது கல்லாவுக்குள் போய்விட்டது. நஷ்டப்பட்டவன் அவன். நிறுவனத்தின் மேல் நமக்கிருக்கும் எரிச்சலை வரிசையில் நமக்குப் பின்னால் நிற்கிற குழந்தையிடம் வசூலிக்கிறோம். அந்த நிறுவனத்துக்கும் சொல்வதற்கு எனக்கு இரண்டு வார்த்தை உண்டு: பிள்ளைகளுக்கான பச்சைப் பட்டைகளையாவது தினமும் காலையில் சோதித்த பின்களால் நிரப்பினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவர்கள் தமிழ் படிக்கமாட்டார்கள். நீங்கள் படிப்பீர்கள்.

குழந்தைகளுக்கு அசல் எது போலி எது என்று தெரியவா போகிறது, படம் அழகாக இருந்தால் போதாதா? இதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஒற்றைக்கண் புளூட்டோ உலகத்திலேயே அழகான நாயாக இருக்கலாம். ஆனால் அப்படியானால் அந்த ஐம்பதையும் நம் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டுமே. எதற்காக வெளியே கொண்டுபோய் மாற்ற வேண்டும்? வாங்குகிறபோது “படம்தானே” என்கிறோம். மாற்றுகிறபோது மட்டும் கனம் பார்க்கிறோம். மேலும், ஏழு வயதுக்குத் தெரிகிறது. என் மகளுக்கு என்னைவிட முன்னதாகத் தெரிந்தது.

எல்லோரும் செய்கிறார்கள் என்பது மூன்றாவது. இதற்குப் பதில் எழுத எனக்குச் சோம்பலாக இருக்கிறது.

ஊழியர்கள் தவிர வேறு சிலரையும் பூங்காவில் பார்ப்பீர்கள். பெரிய பைகளில் பக்கம் பக்கமாகப் பின் அடுக்கிவைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். பலர் அன்பானவர்கள். ஒரு பின்னைப் பற்றிக் கேட்டால் அதன் ஆண்டு, எத்தனை அச்சிட்டார்கள் என்பது வரை சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் சும்மாவே ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு நடுவே சுறா என்று சேகரிப்பாளர்களே பெயர் வைத்திருக்கும் ஓர் இனமும் உண்டு. குழந்தையின் கையில் குறைந்த எண்ணிக்கையில் வெளியான பின்னைக் கண்டால் இரண்டு மூன்று மினுமினுப்புப் பின்களைக் காட்டி மயக்கி வாங்கிவிடுவார்கள். அவர்களைப் பற்றி நம் பெற்றோர் எவ்வளவு கோபமாகப் பேசுகிறார்கள்! அவர்களாவது நேருக்கு நேர் நின்று ஏமாற்றுகிறார்கள். நாம் பட்டையில் மாட்டிவிட்டு நடந்துவிடுகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னின் பின்பக்கத்தைப் பாருங்கள். (தமிழில் இந்த வாக்கியம் சிரிப்பாகத்தான் வருகிறது, என்ன செய்ய?) அண்மைக் காலப் பின்களின் முதுகில் குட்டிக் குட்டி மிக்கி தலைகள் நெய்ததுபோல வரிசையாக அழுத்தப்பட்டிருக்கும். அசலில் அந்தக் கோலம் விளிம்பு வரை ஓடி, விளிம்பில் பாதித் தலையாக வெட்டுப்பட்டு நிற்கும். போலிகள் பலவற்றில் கோலத்தைச் சுற்றி வழவழப்பான கரை ஒன்று கட்டியிருக்கும், சேலைக்குக் கரை கட்டியதுபோல. இது ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பழைய பின்களில் இந்தக் கோலமே இருக்காது, போலி செய்கிறவர்களும் கற்றுக்கொண்டே வருகிறார்கள். கையில் நிறுத்திப் பாருங்கள், அசல் கொஞ்சம் கனக்கும். விளிம்பில் விரல் ஓட்டுங்கள், பிசிறு இருக்கக் கூடாது. வண்ணம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, குழிந்து போயிருக்கிறதா, மணல்போலப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துகளைப் படியுங்கள், போலியில் சிறிய எழுத்துகள் கரைந்துபோயிருக்கும். எல்லாவற்றையும்விட, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முறை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணே சொல்லும். நல்ல பட்டும் கலப்புப் பட்டும் நம் அம்மாக்களின் விரலுக்குத் தெரியவில்லையா?

அப்படியானால் செலவுக்கு என்ன வழி? ஒரு பிள்ளைக்கு ஐந்து பின் போதும். முன்னே சொன்ன கணக்குதான். பூங்காக் கடைகளில் நான்கைந்து பின்னும் பட்டையும் சேர்த்துத் தொடக்கத் தொகுப்பாக விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட இது கட்டும். இன்னும் மலிவாக வேண்டுமென்றால், ஆர்லாண்டோவில் அவுட்லெட் எனப்படும் இரண்டு பெரிய தள்ளுபடிக் கடை வளாகங்களிலும், அதாவது வைன்லேண்டிலும் இன்டர்நேஷனல் டிரைவ் பக்கத்திலும், டிஸ்னியின் கேரக்டர் வேர்ஹவுஸ் கடை இருக்கிறது. பூங்காக்களில் விற்காமல் மிஞ்சிய சரக்கு அங்கே தள்ளுபடியில் வரும். பின் எப்போதும் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இருந்தால் நல்ல விலையில் இருக்கும். போலிக்குக் கொடுக்கிற அதே முப்பது டாலரில் உங்கள் பிள்ளைக்கு அசலாகவே சில பின் வாங்கிவிடலாம். எண்ணிக்கை குறைவாக இருப்பதும் நல்லதுதான். ஐம்பது பின் வைத்திருந்த காலையில் என் மகள் பட்டையைப் பார்த்த கணத்தில் கை நீட்டினாள். பயணத்தின் கடைசி நாளில் அசலாக நான்கு பின் வாங்கிக் கொடுத்தபோது ஒவ்வொன்றையும் கொடுக்கலாமா வேண்டாமா என்று தவித்தாள். ஒரு கப்பல் பின்னைக் கொடுத்துவிட்டு, பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். அந்தத் தவிப்புதானே விளையாட்டு?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இருப்பீர்கள். பதினேழு நன்றியில் நான்கைந்து பேராவது அன்றே பணம் கட்டியிருப்பீர்கள் என்பது என் ஊகம். பார்சல் இன்னும் கிளம்பவில்லை என்றால் ரத்து செய்துவிடுங்கள். வந்துவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும். வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள், பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகளுக்குப் பரிசாகவும் கொடுத்துவிடாதீர்கள். அங்கிருந்து மறுபடி ஏதாவதொரு பட்டைக்குத்தான் போய்ச்சேரும். எங்கள் வீட்டில் மிஞ்சிய முப்பத்தெட்டும் ஒரு மைசூர்பாகு டப்பாவில் கிடக்கின்றன. மூடியின் மேல் மகள் தமிழில் “பொய்” என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். எழுத்துப் பிழை இல்லை. நம் பள்ளிக்கு நன்றி.

வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அந்த டப்பாவையும் அவளுடைய பட்டையையும் உணவுக்கூடத்து மேசையில் பரப்பிவைக்கிறேன். ஒரு பூதக்கண்ணாடியும் கொண்டுவருகிறேன். ஆர்லாண்டோ போகிற பிள்ளைகள் அத்தனை பேரையும் அழைத்துவாருங்கள். எந்தப் பின் எந்தப் பக்கம் என்று அவர்களே பிரிக்கட்டும். பிரித்துக் காட்டப்போவது நானல்ல, மகள். உங்களில் யாராவது வாங்கிய மூட்டை வீட்டுக்கு வந்திருந்தால் அதையும் பிரிக்காமல் எடுத்துவாருங்கள். முறுக்கு நான் வாங்கிவருகிறேன். காபி மட்டும் யாராவது பொறுப்பேற்றுக்கொண்டால் நல்லது, போன முறை நான் போட்டதை யாரும் குடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் பள்ளிக் கணக்கன்